பொய் சொல்லும் வரி, காட்டிக்கொடுக்கும் இசை: 10சிசியின் பாட்டுத் தொழில்

ராக் ரசிகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாட்டைப் பற்றி "உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கான்" என்றால் அது முழுப் பாராட்டு. "ரொம்ப சாமர்த்தியமா எழுதியிருக்கான்" என்றால் அதில் பாதி குறை. சாமர்த்தியம் இருக்கும் இடத்தில் உணர்ச்சி இருக்காது என்று யாரோ சட்டம் போட்டுவிட்ட மாதிரி. 1970களில் இந்தக் குறையை நிறையவே கேட்டுக்கொண்ட குழு இங்கிலாந்தின் 10சிசி. சிலேடை, நையாண்டி, பழைய பாட்டு பாணிகளை எடுத்துக் கிண்டலடிப்பது என்று இருந்ததால், கெட்டிக்காரப் பையன்கள், ஆனால் நெஞ்சில் ஈரம் இல்லாதவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். அந்தப் பெயர் பாதி சரி என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அவர்களுடைய பாடல்களிலேயே அதிகம் பேர் கேட்டது, 1975-ல் வந்த 'ஐம் நாட் இன் லவ்'. அது அந்தச் சட்டத்துக்கு அடங்கவில்லை. அந்தப் பாட்டு நம்மை உருக்குகிறது என்றால் அதற்குக் காரணமே அதில் இருக்கும் சாமர்த்தியம்தான்.

முதலில் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம். நான்கு பேரும் மான்செஸ்டர் பக்கத்துக்காரர்கள். நான்கு பேருக்குமே எழுதவும் வரும், முன்னால் நின்று பாடவும் வரும். ஒரே குழுவில் இப்படி அமைவது அபூர்வம். எரிக் ஸ்டூவர்ட் அறுபதுகளில் மைண்ட்பெண்டர்ஸ் குழுவில் கிட்டார் வாசித்து, ஹிட் என்றால் என்ன என்று பார்த்துவிட்டவர். கெவின் காட்லியும் லால் கிரீமும் ஓவியக் கல்லூரியில் படித்த கூட்டாளிகள், எதையும் கோணலாகப் பார்ப்பவர்கள். கிரஹாம் கூல்ட்மன் வேறு ரகம். இருபது வயதை ஒட்டியே மற்ற குழுக்களுக்கெல்லாம் பாட்டு எழுதிக் கொடுத்தவர். யார்ட்பேர்ட்ஸின் 'ஃபார் யுவர் லவ்' (1965), ஹாலீஸின் 'பஸ் ஸ்டாப்' (1966), ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸின் 'நோ மில்க் டுடே' (1966) எல்லாம் அவர் கைவண்ணம். 'ஃபார் யுவர் லவ்' அப்பட்டமான பாப் பாட்டாக இருக்கிறதே என்று கடுப்பாகித்தான் அந்தக் குழுவின் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் யார்ட்பேர்ட்ஸை விட்டுப் போனார்.

'நோ மில்க் டுடே' பிறந்த விதம் சொல்லத் தகுந்தது. கூல்ட்மனின் அப்பாவுக்கு எழுத்தில் ஆர்வம் உண்டு, மகனுக்கு அடிக்கடி யோசனை கொடுப்பவர். ஒருமுறை நண்பரைப் பார்க்கப் போனபோது வீட்டில் ஆள் இல்லை. வாசல்படியில் காலி பால் பாட்டிலும், இன்று பால் வேண்டாம் என்று பால்காரருக்கு எழுதிய சீட்டும் மட்டும் இருந்தன. இதை வைத்து எழுதலாமே என்று மகனிடம் சொன்னார். பாலைப் பற்றி என்னத்தை எழுதுவது என்று மகனுக்கு அலுப்பு. அப்பா விளக்கினார்: விஷயம் பால் இல்லையப்பா, அந்த வீட்டில் காதல் முடிந்துபோயிற்று, அதற்கு வாசலில் நிற்கும் பாட்டில் சாட்சி.

பாடல் அப்படியே அமைந்தது. தெருவில் போகிறவர்களுக்கு அது வெறும் காலி பாட்டில். அந்த வீட்டில் வாழ்ந்தவனுக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியும். 'பிரிவு' என்று உரக்க அழாமல், பால்காரருக்கான சீட்டைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது பாடல். கேட்பவரே மீதியைப் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்வது என்கிற இந்தத் தொழிலை கூல்ட்மன் 10சிசி தொடங்குவதற்கு ஆறு வருஷம் முன்பே கற்றுக்கொண்டுவிட்டார்.

அப்புறம் அந்த ஸ்டூடியோ. மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் ஸ்டூவர்ட் அறுபதுகளின் கடைசியில் பணம் போட்டார். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை நினைத்து அதற்கு ஸ்ட்ராபெரி ஸ்டூடியோஸ் என்று பெயர் வைத்தார். கூல்ட்மனும் பங்காளியானார். அமெரிக்காவில் சிறுவர்களுக்கான 'பபிள்கம்' பாட்டுகளை மூட்டை மூட்டையாகத் தயாரித்த காஸனெட்ஸ்–காட்ஸ் நிறுவனத்துக்கு கூல்ட்மன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வேலையை ஸ்டாக்போர்ட்டுக்கே கொண்டுவந்தார். நால்வரும் கிடைத்த பெயரிலெல்லாம் பாடி, வாசித்து, பதிவு செய்து அனுப்பினார்கள். கலை என்று அதைச் சொல்ல முடியாதுதான். ஆனால் எந்தப் பாணியையும் ஒரே நாளில் பிடிக்கும் கை அங்கேதான் பழகியது, கிடைத்த காசில் கருவிகளும் வந்தன. 1972-ல் 10சிசி என்ற பெயரில் 'டோனா' வெளியாகி பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. மறு வருஷம் 'ரப்பர் புல்லட்ஸ்' முதலிடம். சிறைக்குள் நடக்கும் ஒரு கொண்டாட்டமும் அதை அடக்க வரும் போலீசும்தான் கதை. இசையோ கடற்கரைப் பாட்டு மாதிரி குதூகலம். வட அயர்லாந்தில் நிஜமாகவே பிரிட்டிஷ் ராணுவம் ரப்பர் குண்டு சுட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

சொந்த ஸ்டூடியோ என்பது சின்ன விஷயம் இல்லை. வாடகை ஸ்டூடியோவில் மணிக் கணக்கு ஓடும், பக்கத்தில் கம்பெனி ஆள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்ட இடத்தில் 'ஐம் நாட் இன் லவ்' பிறந்திருக்கவே முடியாது.

அந்தப் பாட்டின் தொடக்கம் ஒரு குடும்பப் புகார். நீங்கள் 'ஐ லவ் யூ' என்று அடிக்கடி சொல்வதே இல்லையே என்று ஸ்டூவர்ட்டின் மனைவி கேட்டார். அப்போது கல்யாணமாகி எட்டு வருஷம். சொல்லிச் சொல்லித் தேய்த்தால் அந்த வார்த்தைக்கு மதிப்புப் போய்விடும் என்பது ஸ்டூவர்ட்டின் கட்சி. சரி, அந்த வார்த்தையைச் சொல்லாமலே காதலைச் சொல்ல முடியுமா என்று யோசித்தார். இல்லவே இல்லை என்று ஒருவன் மறுக்க மறுக்க, இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். அதுதான் திட்டம்.

வரிகளைப் பாருங்கள். நான் உன்னைக் காதலிக்கவில்லை, மறந்துவிடாதே, இது ஏதோ ஒரு கட்டம், போய்விடும் என்று ஆரம்பிக்கிறான். ஃபோன் பண்ணினேன் என்பதற்காகத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்னைப் பார்க்கப் பிடிக்கும்தான், அதற்காக நீ எனக்கு முக்கியம் என்று அர்த்தமில்லை. நம் விஷயத்தைத் தோழிகளிடம் சொல்லி வைக்காதே. கடைசியில் உச்சம்: உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது அங்கே இருக்கும் ஒரு கறையை மறைக்கத்தான், அதனால் திருப்பிக் கேட்காதே. கறையை மறைக்க என்றால் ஒரு காலண்டர் போதுமே! பொய்யை இதைவிட மோசமாக ஒருவன் சொல்ல முடியாது. இதில் நிஜமும் கலந்திருக்கிறது. பெற்றோர் வீட்டில் தன் அறைச் சுவரில் இருந்த விரிசலை ஸ்டூவர்ட் பின்னாளில் மனைவியான அந்தப் பெண்ணின் படத்தால்தான் மறைத்து வைத்திருந்தார்.

இத்தனையும் தாளில் இருக்கும் வரைக்கும் ஒரு நல்ல நகைச்சுவைப் பாட்டு, அவ்வளவுதான். முதலில் அதை போஸா நோவா என்ற பிரேசில் நாட்டுத் தாளத்தில்தான் பதிவு செய்தார்கள். காட்லிக்குப் பிடிக்கவே இல்லை, வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பாட்டைத் தூக்கிப் போட்டார்கள், பதிவையும் அழித்துவிட்டார்கள். ஆனால் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்தபடியே திரிந்தார்கள். சரி, இன்னொரு தரம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோது, பாட்டை வெறுத்த அதே காட்லிதான் வழி சொன்னார்: கருவிகளை விடுங்கள், முழுக்கக் குரல்களாலேயே செய்யலாம்.

மனிதக் குரலுக்கு மூச்சு முட்டும். பாட்டு முழுக்க அறுபடாமல் ஒலிக்கும் குரல் சுவருக்கு எங்கே போவது? பதிவு செய்த ஒலிநாடாவை (டேப்பை) வளையமாக ஒட்டிச் சுற்ற விடலாம் என்றார் கிரீம். அடுத்த மூன்று வாரம் நடந்தது இதுதான். காட்லி, கிரீம், கூல்ட்மன் மூவரும் மைக்கைச் சுற்றி நின்று ஒரே சுரத்தில் 'ஆ' என்று பாடுவார்கள். அதையே 16 தடவை பாடி, டேப்பில் தனித்தனியாகப் பதிய இருக்கும் 16 டிராக்கிலும் நிரப்புவார்கள். மூன்று பேர், 16 தடவை, ஆக ஒரு சுரத்துக்கு 48 குரல். இப்படிப் பன்னிரண்டு சுரத்தானங்களுக்கும். மொத்தம் 576. ஒவ்வொன்றையும் சுமார் 12 அடி நீள டேப் வளையமாக வெட்டி ஒட்டி, ஒரு முனை டேப் ரெக்கார்டரின் தலையிலும் மறுமுனை மைக் ஸ்டாண்டில் பொருத்திய உருளையிலும் சுற்றும்படி மாட்டினார் ஸ்டூவர்ட். ஏன் அவ்வளவு நீளம்? ஒட்டிய இடம் வரும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சின்ன சத்தம் வரும். வளையம் நீளமாக இருந்தால் அது எப்போதாவது ஒருமுறைதான் வரும், மற்ற ஒலிகளுக்குள் மறைந்தும் போகும்.

பன்னிரண்டு வளையங்களும் மிக்ஸரின் பன்னிரண்டு சானல்களுக்கு வந்ததும், மிக்ஸரே ஒரு வாத்தியமாகிவிட்டது. நால்வரும் அதன் முன்னால் நெருக்கியடித்து நின்று, ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் குமிழ்களை ஆளுக்குச் சில எடுத்துக்கொண்டு, எந்தக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) வேண்டுமோ அந்தச் சுரங்களை மட்டும் ஏற்றி, மற்றதை இறக்கி 'வாசித்தார்கள்'. இங்கே ஸ்டூவர்ட் ஒரு வேலை செய்தார். ஃபேடர் ஓடும் பள்ளத்தின் அடியில் குறுக்கே ஒட்டும் டேப் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டார். அதனால் எந்தக் குரலையும் முழுசாக அடக்க முடியாது. எவ்வளவு கீழே இழுத்தாலும் பன்னிரண்டு சுரங்களும் அடியில் மெலிசாக ரீங்கரித்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு இந்தப் பாட்டின் உயிரே அந்த டேப் துண்டில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒருவன் தன் உணர்ச்சியைக் கீழே கீழே அழுத்துகிறான். அது அடங்குகிறது, ஆனால் மௌனமாவதில்லை. வரிகள் சொல்ல மறுப்பதை அந்த ரீங்காரம் பாட்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஸ்டூவர்ட் இதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்தாரா, ஒலி நன்றாக இருக்கிறது என்று மட்டும் செய்தாரா என்ற ஆராய்ச்சி தேவையில்லை. காதுக்கு வருவது அதுதான்.

மற்ற இடங்களிலும் இசை இதே வேலையைப் பார்க்கிறது. டிரம்ஸ் செட் கிடையாது. காட்லி மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில் தட்டிய ஒரு மந்தமான துடிப்பு மட்டும், நெஞ்சில் காது வைத்துக் கேட்கிற மாதிரி. மெட்டிலும் ஒரு குறும்பு உண்டு. காதலிக்கவில்லை என்று அவன் சொல்லும்போது அடியில் இருப்பது ஏ மேஜர் கார்டு. மறந்துவிடாதே என்று மிரட்டும்போது அது ஏ மைனராகிறது. நம் கணக்கில் சொன்னால் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்குகிறது, ஒரே ஒரு அரைச்சுர இறக்கம். வாய் விறைப்பாகப் பேசும் அதே நொடியில் குரல்களின் முகம் வாடிவிடுகிறது. ஹெட்ஃபோன் போட்டு அந்த முதல் இரண்டு வரிகளை மட்டும் நாலைந்து தரம் கேட்டால் பிடிபடும்.

நடுவில் பாடலை நிறுத்தி ஒரு பெண் குரல் கிசுகிசுக்கிறது: சத்தம் போடாதே, பெரிய பையன்கள் அழ மாட்டார்கள். அது பாடகியின் குரல் இல்லை. அந்தப் பகுதிக்கு என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது ஸ்டூடியோவின் ரிசப்ஷனிஸ்ட் கதவை மெல்லத் திறந்து, எரிக், உங்களுக்கு ஃபோன் என்று அடக்கமான குரலில் சொன்னார். இதுதான் நமக்கு வேண்டிய குரல் என்று கிரீம் துள்ளினார். அந்தப் பெண்ணுக்குப் பெரிய தயக்கம், சமாதானப்படுத்தித்தான் பேச வைத்தார்கள். பாட்டு முழுக்க அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாக வரியில் எங்கும் இல்லை. ஆனால் அழாதே என்று ஒருத்தி தேற்றுகிறாள் என்றால், அழுதுகொண்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

ஆறு நிமிஷப் பாட்டு. வானொலிக்கு நீளம் என்று முதலில் வெட்டப்பட்டது. ஆனாலும் 1975 ஜூன் கடைசியில் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் இருந்தது. அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. மூன்று வாரமும் முதலிடத்தில் மூன்று வேறு வேறு பாட்டுகள்! இது இடம்பெற்ற ஆல்பத்தின் பெயர் 'தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்'. எந்தப் படமும் இல்லாத சவுண்ட்டிராக். நமக்கு சினிமாப் பாட்டில் யார், யாரிடம், எந்தச் சூழ்நிலையில் பாடுகிறார் என்பதைப் படம் சொல்லிவிடும். ராக்கில் அந்த வசதி இல்லை. பாடுகிறவனே பாத்திரம் என்று கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள். அதனால் பொய் பேசும் ஒரு பாத்திரத்தைப் பாட வைக்க வேண்டுமென்றால், அவன் பொய் பேசுகிறான் என்பதற்கான தடயத்தையும் பாட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும்.

இதே சிக்கலை வேறு மாதிரி தீர்த்தவர் அமெரிக்காவின் ரேண்டி நியூமன். 1972-ல் வந்த அவருடைய 'செயில் அவே' பாட்டில் ஒருவன் ஆப்பிரிக்கக் கரையில் நின்று மக்களைக் கூப்பிடுகிறான்: அமெரிக்கா வாருங்கள், சாப்பாட்டுக்குக் கவலையில்லை, காட்டில் ஓடிக் கால் தேய வேண்டாம், நாளெல்லாம் பாடிக்கொண்டு திரியலாம். அவன் அடிமை வியாபாரி. இதை நியூமன் எங்கேயும் சொல்வதில்லை. வயலின்கள் கம்பீரமாக எழும்புகின்றன, தேசபக்திப் பாட்டு மாதிரி. இங்கே இசையும் பொய்க்கு உடந்தை. உண்மை கேட்பவரின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, வரலாறு தெரிந்தவருக்கு முதுகு சில்லிடும். தெரியாதவருக்கு அது ஒரு அழகான பாட்டு. நியூமன் அந்த ஆபத்தைத் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

'தி போலீஸ்' என்ற ராக் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' (1983) அந்த ஆபத்தில் மாட்டிக்கொண்ட பாட்டு. பிரிந்துபோனவளின் ஒவ்வோர் அடியையும் மூச்சையும் கண்காணிப்பேன் என்கிறான் ஒருவன். கிட்டாரோ தாலாட்டு மாதிரி சீராக ஓடுகிறது. இசை யார் பக்கமும் சாயாததால் உலகம் முழுக்க அதைக் கல்யாணங்களில் போடுகிறார்கள், எழுதிய ஸ்டிங்கே இதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாட்டின் கறுப்பு வெள்ளை வீடியோவை எடுத்தவர்கள் நம்முடைய காட்லியும் கிரீமும். குழு முன்னால் வாசிக்க, பின்னால் பெரிய ஜன்னலில் ஓர் ஆள் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறார். முதல் பார்வைக்கு அது வெறும் அழகு. பாட்டை நினைத்துக்கொண்டு பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே எப்போதும் ஒருவன் நிற்கிறான்.

10சிசியின் சாமர்த்தியம் எல்லா நேரமும் ஜெயிக்கவில்லை. 1978-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'டிரெட்லாக் ஹாலிடே' எனக்கு நெருடும் பாட்டு. ஜமைக்காவுக்குப் போன வெள்ளைக்கார டூரிஸ்ட் ஒருவன் உள்ளூர் ஆட்களிடம் மாட்டிக்கொண்டு, கிரிக்கெட் எனக்குப் பிடிக்காது, அதன் மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்று சமாளிக்கிறான். கிண்டல் டூரிஸ்ட் மீதுதான் என்று வாதாடலாம். ஆனால் ஸ்டாக்போர்ட்காரர்கள் ஜமைக்கா உச்சரிப்பைப் போலி செய்து பாடும்போது கிண்டல் ஊர்க்காரர்கள் மேலும் தெறிக்கிறது. ஜமைக்காவின் ரெகே தாளமும் அங்கே ஒரு வேஷம்தான். அதை எடுத்துவிட்டு வேறு தாளம் போட்டாலும் பாட்டின் அர்த்தம் மாறாது. 'ஐம் நாட் இன் லவ்'வில் அந்தக் குரல்களை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

'டிரெட்லாக் ஹாலிடே' வரும்போது காட்லியும் கிரீமும் குழுவில் இல்லை. 1976-லேயே போய்விட்டார்கள். கிட்டார் கம்பிகளைச் சின்னச் சக்கரங்களால் உரசி வயலின் மாதிரி நீள ஒலிக்கவைக்கும் 'கிஸ்மோ' என்ற கருவியை உருவாக்கி, அதைக் காட்டுவதற்கென்றே 1977-ல் 'கான்சிக்வென்ஸஸ்' என்று மூன்று தட்டு ஆல்பம் போட்டார்கள். மூன்று நிமிஷத்தில் கத்திவிட்டுப் போகும் பங்க் பாட்டுகள் ஊரைக் கலக்கிய வருஷம் அது. யாருக்கும் பொறுமை இல்லை. ஸ்டூவர்ட்டும் கூல்ட்மனும் 10சிசி பெயரைத் தொடர்ந்தார்கள். 'தி திங்ஸ் வி டூ ஃபார் லவ்' அமெரிக்காவில் ஐந்தாம் இடம் வரை போனது. இனிமையான மெட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. கோணலாகப் பார்த்து 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்ல அந்த அறையில் ஆள் இல்லாமல் போய்விட்டது.

காட்லியும் கிரீமும் 1985-ல் 'க்ரை' என்று ஒரு பாட்டு போட்டார்கள். வரிகள் மிகக் கொஞ்சம், திரும்பத் திரும்ப வருபவை. வீடியோவில் விதவிதமான முகங்கள் அந்த வரிகளைப் பாட, ஒரு முகம் கரைந்து இன்னொரு முகமாக மாறிக்கொண்டே போகும். கம்ப்யூட்டர் மார்ஃபிங் பாப் வீடியோக்களுக்கு வராத காலம். வீடியோ மிக்ஸரில் ஒரு முகத்தைக் குறைத்து இன்னொன்றை ஏற்றித்தான் அதைச் செய்தார்கள். ஆறு வருஷம் கழித்து மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஆர் ஒயிட்' வீடியோ அதே யோசனையைக் கம்ப்யூட்டரில் செய்து உலகத்தையே வாய்பிளக்க வைத்தது.